வாணலி ஏந்திய குட்டி சூனியக்காரி

கேள்வி: பன்னிரண்டு வயது மகள் சூனியக்காரி கதை கேட்கிறாள். வாங்கித் தரலாமா?

பதில்: தாராளமாக! டெர்ரி பிராட்செட் 2003-இல் எழுதிய 'தி வீ ஃப்ரீ மென்' வாங்குங்கள், எனக்கு உயிரான நாவல். ஆட்டுப்பண்ணையில் வளரும் ஒன்பது வயது டிஃப்பனி, ஆற்றில் கிளம்பிய பூதத்துக்குக் கண்கள் சூப் தட்டு அளவு இருக்கும் என்று புத்தகத்தில் படித்ததும், வீட்டுத் தட்டை எடுத்து அளந்தே பார்க்கிறாள், எட்டு அங்குலம். அப்புறம் தம்பியையே இரையாக உட்காரவைத்து, பூதம் வந்ததும் வாணலியால் ஓங்கி ஒரு போடு! மந்திரத்தைவிட மூளைதான் அதிகம் வேலை செய்கிறது.

ஒரு இடம் கனமானது. சூனியக்காரி என்று ஊரே பழிசுமத்தி வீட்டை எரித்ததில் ஒரு கிழவி பனியில் செத்துப்போகிறாள். இனி யாருக்கும் அப்படி நடக்கக்கூடாது என்றுதான் டிஃப்பனி சூனியக்காரியாக முடிவெடுக்கிறாள். அந்தப் பக்கங்களை மகளோடு சேர்ந்தே படியுங்கள்.