லீவுக்கு வரும் சொந்தம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மே மாத விடுமுறைக்கு என் நாத்தனார்மார் இருவரும், கொழுந்தனும், மாமியாரின் தங்கையும் தத்தம் குடும்பத்தோடு வருகிறார்கள், மொத்தம் 17 பேர். "நீங்க ஒண்ணும் மெனக்கெட வேண்டாம் மதினி, இருக்கிறதைச் சாப்பிட்டுக்கிடுவோம்" என்று போனில் சொன்ன பெரிய நாத்தனார், அடுத்த மூச்சிலேயே "சொதி மட்டும் வச்சிருங்க" என்றார். அத்தனை பேருக்கும் சொதி வைப்பது நடக்கிற காரியமா?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: "இருக்கிறதைச் சாப்பிட்டுக்கிடுவோம்" என்பது மரியாதைக்குச் சொல்வது. அதை நம்பி உலையில் அரிசியைக் குறைத்துப் போட்டவர்கள் பிறகு என்ன பாடு பட்டார்கள் என்பதை உங்கள் தெருவிலுள்ள எந்த ஆச்சியும் சொல்வார். சொதியைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்துப் பரிமாறுகிற சாப்பாடு அது. தேங்காயை மூன்று முறை பிழிந்து, பின்னால் எடுத்த தண்ணிப் பாலில் காய்களையும் பாசிப்பருப்பையும் வேகவிட்டு, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிவார்கள். முதல் பால் சேர்ந்த பிறகு தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவதால் அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் வீட்டிலோ 12 மணிக்குப் பிள்ளைகள், 1 மணிக்குக் கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள், 2 மணிக்குப் பேச்சு முடியாத பெண்கள், 3 மணிக்கு அதுவரை "எனக்குப் பசியே இல்லை" என்று நார்க்கட்டிலில் படுத்திருந்த கொழுந்தன் என்று தவணை முறையில் சாப்பிடுவார்கள். ஒவ்வொரு தவணைக்கும் யாராவது ஒருவர், உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, பாத்திரத்தை மறுபடியும் அடுப்பில் ஏற்றுவார். மூன்றாவது தவணையில் தண்ணீர் தனியாகவும் தேங்காய் தனியாகவும் பிரிந்து நிற்கும். குற்றம் உங்கள் கைப்பக்குவத்தின் மேல் விழும்.

ஆகையால் ஒரே ஒரு நாளைச் சொதிக்கு ஒதுக்கி, முந்தின இரவே "நாளைக்கு ஒரே பந்தி, 1 மணிக்கு இலை போட்டுவிடுவேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்துவிடுங்கள். தேங்காய் துருவும் பொறுப்பைச் சொதி கேட்டவரிடமே கொடுப்பது நியாயம். இஞ்சித் துவையலும் அப்பளமும் இல்லாமல் சொதியை இறக்கிவிடாதீர்கள். மற்ற நாட்களுக்குக் கூட்டாஞ்சோறு போதும்: கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், மாங்காய், கொஞ்சம் முருங்கைக்கீரை என்று எல்லாம் ஒரே பானையில் வெந்துவிடும், வடகம் வறுத்துப் போட்டால், 3 மணிக்கு எழுந்து வருகிறவருக்கும் ருசி குறையாது. இவற்றையெல்லாம்விட முக்கியம், மாற்று சிலிண்டருக்கு இப்போதே பதிந்து வைப்பது. இருவருக்குச் சமைத்துப் பழகிய வீட்டில், 14.2 கிலோ எரிவாயு 17 பேருக்கு எத்தனை நாள் வரும் என்று யாராலும் சரியாகக் கணிக்க முடியாது. அது தீரும்போதும் கொழுக்கட்டை பாதி வெந்திருக்கும்போதுதான் தீரும்.

கேள்வி: சென்னையிலிருந்து ஊருக்குப் பெரியவர்களும் பிள்ளைகளுமாக 14 பேர் புறப்படுகிறோம். போன முறை எங்களுக்கு வெவ்வேறு பெட்டிகளில் இடம் கிடைத்தது. இட்லி எஸ் 3-இலும், மிளகாய்ப்பொடி எஸ் 9-இலும், என் மாமனாரின் பல்செட்டு எங்கேயோ ஓரிடத்திலும் பயணம் செய்தன. இந்த முறை எப்படிச் சமாளிப்பது?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: ஒரு முன்பதிவுச் சீட்டில் 6 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. ஆகவே 14 பேர் என்றால் 6, 6, 2 என்று மூன்று சீட்டுகளாகத்தான் பிரிவீர்கள். மூன்றும் ஒரே பெட்டியில் விழுவது நெல்லையப்பர் கருணை. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளுக்குப் பதிலாக 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது என்பதைப் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் பழைய கணக்கில் உங்களைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். தொடங்குகிற அன்று காலையில் மூன்று பேர் மூன்று போனில் உட்கார்ந்தால் நெல்லை எக்ஸ்பிரஸிலோ பொதிகையிலோ இடம் பிடிக்கலாம்.

பெட்டி பிரிந்தாலும் பசி பிரியாதபடி ஏற்பாடு செய்வதுதான் உங்கள் கையில் இருக்கிறது. சாப்பாட்டைப் பண்டவாரியாகக் கட்டாமல் சீட்டுவாரியாகக் கட்டுங்கள். அதாவது ஒவ்வொரு சீட்டுக்கும் இட்லி, பொடி, தண்ணீர், மாத்திரை எல்லாம் அடங்கிய ஒரு பை. பிள்ளைகளை எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். சண்டை போடும் இருவரை ஒரே சீட்டில் சேர்க்காமல் இருந்தால் பாதி ராத்திரியாவது தூங்கலாம். 5 வயது முடிந்து 12 நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம்தான். இது 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு வயதுப் பையனை "நாலரைதான் ஆவுது, வளத்தி ஜாஸ்தி" என்று டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லும் மாமாவை மட்டும் மேல் படுக்கைக்கு அனுப்பிவிடுங்கள். பரிசோதகர் கேட்கும்போது பையனே எழுந்து தன் வகுப்பைச் சொல்லிவிடுவான்.

கேள்வி: எங்கள் பெரியப்பா வேன் பேசிவிட்டார். காலையில் திருச்செந்தூர், மத்தியானம் குற்றாலம், இரவுக்குள் வீடு என்பது அவர் திட்டம். வேனில் 20 பேர். மறுத்துப் பேச எங்கள் வீட்டில் யாருக்கும் துணிவில்லை.
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: திருநெல்வேலியிலிருந்து கிழக்கே திருச்செந்தூர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர், மேற்கே குற்றாலமும் ஏறக்குறைய அதே தூரம். உங்கள் பெரியப்பாவின் கணக்கில் இரண்டுமே "நம்ம திருநெல்வேலி ஜில்லா". அவர் இளைஞராக இருந்தபோது அது உண்மையும்கூட. தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் தனி மாவட்டங்களாகிவிட்டன. ஆகவே அவர் திட்டப்படி ஒரே நாளில் மூன்று மாவட்டம் சுற்ற வேண்டும். அதற்குள் 20 பேர் எத்தனை முறை இறங்குவார்கள், ஒவ்வொரு முறையும் ஏறியவர்களை யார் எண்ணுவார்கள் என்பது தனிக் கணக்கு.

ஆனால் தூரத்தைச் சொல்லி அவரை மாற்ற முடியாது. தண்ணீரைச் சொன்னால் மாறுவார். குற்றாலத்துச் சாரல் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும்போது வருவது. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை அதன் காலம். பள்ளிக்கூடம் திறந்த பிறகு சீசன் தொடங்குவது நம் பிள்ளைகளின் தலையெழுத்து. மே மாதத்தில் பெரும்பாலும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். கோடை மழை பெய்தாலோ மலையிலிருந்து திடீரென்று வெள்ளம் இறங்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. ஆகவே மழை நாளில் காவலர் தடுத்தால் "நாங்க சென்னையில இருந்து வந்திருக்கோம்" என்று வாதாட வேண்டாம்.

பிள்ளைகள் அருவியில் குளித்தே தீர வேண்டுமென்றால் பாபநாசத்துக்கு மேலேயுள்ள அகஸ்தியர் அருவிக்குப் போங்கள். அங்கே கோடையிலும் தண்ணீர் விழும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டியைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, புளியோதரையைத் தூக்குவாளியில் கொண்டுபோங்கள். திருச்செந்தூரை வேறொரு நாளுக்கு வையுங்கள். இந்த யோசனையை உங்கள் வாயால் சொல்லாமல் பெரியம்மை வாயால் சொல்ல வைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: வீட்டில் குளியலறை ஒன்றுதான். வரப்போகிறவர்கள் 11 பேர்.
– ஒரு வாசகி, சேரன்மகாதேவி

பதில்: தாமிரபரணியைக் கையில் வைத்துக்கொண்டா கவலைப்படுகிறீர்கள்? ஆண்களையும் பையன்களையும் விடிந்ததும் படித்துறைக்கு அனுப்பிவிடுங்கள். இடம் தெரிந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும்.

கேள்வி: ஊருக்குத் திரும்பும்போது என் மதினி என் மகன் கையில் 500 ரூபாயைத் திணித்தார். நான் மறுத்தேன். பஸ் படிக்கட்டு வரைக்கும் தள்ளுமுள்ளு. நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு, அவருடைய மகள் பையில் நானும் 500 ரூபாயை ஒளித்து வைத்து அனுப்பினேன். பிறகு ஒரு நாள் என் அடுக்களையில் புளி ஜாடிக்குள் அவர் வைத்த நோட்டு, புளியும் உப்புமாக ஊறிக் கிடந்தது. நான் வைத்த நோட்டு அங்கே சட்டையோடு சேர்ந்து துவைக்கப்பட்டுவிட்டதாம். இந்த வழக்கத்தை எப்படி நிறுத்துவது?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: நிறுத்த முடியாது, நிறுத்தினால் "இந்தத் தடவை பிள்ளை கையில ஒண்ணும் குடுக்கல பாத்தியா" என்ற பேச்சுத்தான் மிஞ்சும். வரவு செலவு பார்த்தால் நீங்கள் இருவரும் ஆளுக்கு 500 கொடுத்து 500 வாங்கியிருக்கிறீர்கள், கணக்கு நேர். ஆகவே அடுத்த முறை கொடுக்கிறவர் வாசலில் வைத்து வெளிப்படையாகக் கொடுக்கட்டும். வாங்குகிற பிள்ளை ஒரே ஒரு தடவை "வேண்டாம் அத்தை" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளட்டும். இரண்டாவது தடவை "வேண்டாம்" சொல்லும்போதுதான் டிரைவர் ஹாரன் அடிக்கத் தொடங்குகிறார்.

நோட்டுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அழுக்கடைந்த நோட்டையும் கிழிந்த நோட்டையும் எந்த வங்கிக் கிளையிலும் மாற்றிக்கொள்ளலாம். புளியில் ஊறியதை நிழலில் காயவைத்து எடுத்துப் போங்கள். காசாளர் காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், அவருக்கும் மதினி இருப்பார். அடுத்த லீவுக்கு அவர்கள் வரும் முன் புளி ஜாடியைக் கை எட்டாத மேல்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஊறுகாய் ஜாடியையும் சேர்த்து.