நுகர்வோர் கேள்வி-பதில்: பல் வெளுப்பும் நீல விளக்கும்

இம்முறை வந்த கடிதங்களில் மிகுதியானவை பல் மருத்துவமனையில் பற்களை வெளுத்துக்கொள்வதைப் பற்றியே இருந்தன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களின் கோபத்தைச் சுருக்கவில்லை.

கேள்வி: 'ஒரே அமர்வில் எட்டு ஷேடு வெண்மை' என்ற விளம்பரத்தை நம்பி, நீல விளக்கு வைத்துச் செய்யும் முறைக்குக் கூடுதல் கட்டணம் செலுத்தினேன். அன்று மாலை பற்கள் பளிச்சென்று இருந்தன. பத்து நாளில் பாதி வெண்மை போய்விட்டது. நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: பாதி ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். மீதிப் பாதி உண்மையான வெளுப்பு. அது இன்னும் உங்கள் வாயில்தான் இருக்கிறது.

பல் வெளுப்பைச் செய்வது விளக்கு அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு. மருத்துவமனையில் பூசப்படும் ஜெல்லில் அது பெரும்பாலும் 25 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும். அது எனாமலுக்குள் ஊடுருவி, அதன் கீழிருக்கும் டென்டின் வரை சென்று, நிறம் தரும் மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. இதற்காக ஏறத்தாழ ஒரு மணி நேரம் உதடுகளை விலக்கிவைத்து, வாயைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் எச்சில் படாமல் பல் ஈரம் இழக்கிறது. ஈரம் இழந்த எனாமல் ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் பல் உண்மையில் வெளுத்ததைவிடக் கூடுதல் வெண்மையாகத் தோன்றுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் கையில் கண்ணாடியைக் கொடுத்து, 'சிகிச்சைக்குப் பின்' என்ற படத்தையும் எடுத்துவிடுகிறார்கள். பல் மீண்டும் ஈரமேறி நிறம் நிலைபெற ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். நியாயமான மருத்துவர் இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தைக் காட்டுவார். அப்படியொரு படத்தை நான் விளம்பரம் எதிலும் கண்டதில்லை.

அடுத்தது இந்த 'எட்டு ஷேடு'. பல் மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் விட்டா கிளாசிக்கல் நிறத் தொகுப்பில் 16 மாதிரிப் பற்கள் உண்டு. செயற்கைப் பல்லும், பல்லை மூடிப் பொருத்தும் உறையும் செய்யும்போது பக்கத்துப் பல்லின் நிறத்தோடு பொருத்திப் பார்ப்பதற்குப் பயன்படுவது அது. அதைப் பிரகாச வரிசைப்படி அடுக்கினால், ஏ3 என்ற மிகச் சாதாரணமான நிறம் ஒன்பதாவது இடத்தில் வரும். பி1 முதல் இடத்தில் வரும். ஏ3-இலிருந்து பி1-க்குப் போனால் எட்டுப் படி ஆகிவிட்டது. ஆனால் இந்தப் படிகள் சம உயரம் கொண்டவை அல்ல: சில அடுத்தடுத்த மாதிரிகளுக்கிடையே வேறுபாடு காணக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். எட்டு என்ற எண்ணிக்கை பெரிதாக ஒலிக்கிறது. அளவுகோலின் கோடுகள் எப்படிப் போடப்பட்டிருக்கின்றன என்று வாங்குபவர் யாரும் கேட்பதில்லை.

விளக்குக்கு வருகிறேன். விளக்குடனும் விளக்கில்லாமலும் செய்து ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், செறிவு மிகுந்த ஜெல்லைப் பயன்படுத்தும்போது விளக்கினால் நீடித்த கூடுதல் வெண்மை கிடைப்பதாகக் காணவில்லை. வெப்பம் தரும் விளக்காக இருந்தால் பல் கூச்சம்தான் கூடலாம். இருந்தும் விளக்கு எங்கும் இருக்கிறது, ஏனென்றால் குழாயில் இருந்து பிதுக்கிய ஜெல்லுக்குக் கூடுதல் கட்டணம் கேட்பது கடினம், நீல ஒளி வீசும் இயந்திரத்துக்குக் கேட்பது எளிது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. கட்டணம் அதிகம் என்பதனாலேயே அது உயர்ந்த முறை என்று எண்ணி, அந்த ஒளியின் கீழ் நானும் கறுப்புக் கண்ணாடி அணிந்து படுத்திருக்கிறேன்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன். இப்போது செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பிள்ளை பிறந்து, தாய்ப்பால் கொடுக்கும் காலமும் முடிந்த பிறகு செய்துகொள்ளலாம். பல் எங்கும் போய்விடாது.

கேள்வி: தள்ளுபடி கிடைத்ததென்று இணையத்தில் முழுத் தொகையையும் கட்டினேன். நேரில் போனபோது, இரண்டு சொத்தைப் பற்கள் இருக்கின்றன, ஈறு வீங்கியிருக்கிறது, முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள் என்றார் மருத்துவர். பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.

பதில்: மருத்துவர் சொன்னது சரி, மருத்துவமனை செய்தது தவறு. சொத்தைக் குழி வழியாகப் பெராக்சைடு இறங்கினால் உயிர் போகும் வலி வரும்; வீங்கிய ஈறின் மேல் அதைப் பூசக் கூடாது. ஆனால் வாயைப் பார்க்காமலேயே ஒரு மருத்துவச் செயல்முறையை விற்றவர்கள் அவர்கள். அந்த அவசரத்தின் விலையை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. 'இப்போதைய நிலையில் இவருக்கு வெளுப்புச் செய்ய இயலாது' என்று மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். உங்களிடமுள்ள மிக வலுவான சான்று அதுவாகத்தான் இருக்கும். அதை இணைத்து, வழங்கப்படாத சேவைக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருமாறு தேதி குறிப்பிட்டுக் கடிதம் அனுப்புங்கள். அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடமும் ஆட்சேபம் எழுப்புங்கள். பணத்துக்குப் பதிலாக அந்தத் தொகையை அங்கேயே சொத்தை அடைக்கக் கழித்துக்கொள்ளலாம் என்று சொன்னால், அது உங்களுக்கு வசதியாக இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: முன்பற்களில் ஒன்று செராமிக் உறை. வெளுப்புச் செய்தபின் மற்றப் பற்கள் வெண்மையாகிவிட்டன. உறை மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது. இதையும் வெளுக்க வழியுண்டா?

பதில்: இல்லை. உறை, வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடு), பல் நிற அடைப்பு ஆகியவற்றின் நிறத்தைப் பெராக்சைடு மாற்றாது. உங்கள் உறை மஞ்சளாகவில்லை, சுற்றியிருப்பவை வெளுத்துவிட்டன. முதலில் வெளுத்து, குறைந்தது இரண்டு வாரம் பொறுத்து நிறம் நிலைபெற்றபின், அந்த நிறத்துக்குப் பொருத்தமாக உறையை மாற்றுவதே சரியான வரிசை. அடைப்புகளுக்கு அந்த இரண்டு வாரக் காத்திருப்பு இன்னொரு காரணத்துக்காகவும் தேவை: பல்லில் தங்கியிருக்கும் ஆக்ஸிஜன் வெளியேறாமல், அடைக்கப் பயன்படும் ரெசின் என்ற பிசின் நன்றாகப் பிடிக்காது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவன் நான். அழகான புதிய உறையை என் பழைய மஞ்சளுக்கு நுணுக்கமாகப் பொருத்திச் செய்துகொண்டு, ஆறு மாதம் கழித்து மற்றவற்றை வெளுத்தேன். இரண்டாவது உறைக்கும் நானே பணம் கட்டினேன். இதை உங்களிடம் முன்கூட்டியே சொல்லாதது மருத்துவரின் குறை. சொல்லியிருந்து நீங்கள் கேட்காமல் விட்டிருந்தால் குறை உங்களுடையது. கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: அழகு நிலையத்தில் 'மருத்துவர்கள் பயன்படுத்தும் அதே ஜெல்' என்று சொல்லிச் செய்தார்கள். ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது. இரண்டு நாள் உணவு உண்ண முடியவில்லை.

பதில்: வருந்துகிறேன். அதே ஜெல்லாக இருந்தால் ஆபத்தே அதில்தான். மருத்துவமனையில் அந்த ஜெல்லைப் பூசுவதற்கு முன் ஈறின் விளிம்பு முழுவதும் ஒரு ரெசினைத் தடவி, ஒளியால் இறுகவைத்து, வேலி கட்டுகிறார்கள். அந்த வேலி இல்லாமல் பூசியதன் விளைவே உங்கள் ஈறு. இத்தகைய புண் பெரும்பாலும் சில நாள்களில் ஆறிவிடும். ஆறாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள், ஆறினாலும் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள், புகாருக்கு அது தேவைப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 அக்டோபர் 31 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, 0.1 விழுக்காட்டுக்கு மேல் 6 விழுக்காடு வரை பெராக்சைடு உள்ள வெளுப்புப் பொருள்கள் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கப்பட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் முறை மருத்துவர் முன்னிலையில்தான் பயன்படுத்த வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கூடவே கூடாது. அங்கே ஆறு விழுக்காட்டுக்கே இத்தனை காவல். உங்களுக்குப் பூசிய குழாயில் என்ன செறிவு எழுதியிருந்தது என்று எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால், அந்த மௌனத்தையும் புகாரில் சேருங்கள்.

கேள்வி: சிறுவயதில் டெட்ராசைக்ளின் மருந்து உட்கொண்டதால் பற்களில் சாம்பல் நிறப் பட்டைகள். ஒரே அமர்வில் போய்விடும் என்று உறுதியளித்தார்கள். மூன்று அமர்வுகள் முடிந்துவிட்டன. பட்டைகள் அப்படியே இருக்கின்றன. நான்காவதற்கு வரச் சொல்கிறார்கள்.

பதில்: போகாதீர்கள். பல் உருவாகும் வயதில் அந்த மருந்து டென்டினுக்குள்ளேயே கலந்துவிடுகிறது. வெளுப்புக்கு மிக மெதுவாக இணங்கும் கறை அது. வீட்டில் ட்ரே (ஜெல்லை இட்டுப் பல்வரிசையில் மாட்டும் அச்சு) அணிந்து, செறிவு குறைந்த ஜெல்லை மாதக்கணக்கில் பயன்படுத்தினால் ஓரளவு மங்கலாம். ஈறை ஒட்டிய பகுதியில் அடர்ந்திருக்கும் பட்டை கடைசி வரை மிஞ்சலாம். வெனீர் என்ற வழியும் உண்டு, ஆனால் அதற்குப் பல்லைச் செதுக்க நேரலாம் என்பதால் அவசரப்பட வேண்டாம். இது பல் மருத்துவப் பாடத்தின் தொடக்க அறிவு. உங்களுக்கு உறுதியளித்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. அந்த உறுதிமொழி குறுஞ்செய்தியிலோ விளம்பரத்திலோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மூன்று கட்டணங்களையும் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் செய்வதா, ட்ரே வாங்கி வீட்டில் செய்வதா?

பதில்: அவசரம் இல்லையென்றால் ட்ரே. மருத்துவர் உங்கள் பல்லுக்கு அச்செடுத்துச் செய்துதரும் ட்ரேயைச் சொல்கிறேன். வெந்நீரில் இளக்கிக் கடிக்கும் கடைச்சரக்கை அல்ல. அந்தக் கடைச்சரக்கையும் நான் வாங்கியிருக்கிறேன். ஜெல்லில் பாதி தொண்டைக்குள் போனது. இரவில் ட்ரே அணியும் முறை 1989-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது முதல் புழக்கத்தில் இருக்கிறது. அந்த ஜெல்லில் இருக்கும் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு என்பது ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். இரண்டு வாரம் போன்ற காலத்தில் அது சென்றடையும் வெண்மை, மருத்துவமனை முறையின் வெண்மைக்குக் குறைந்ததல்ல; கூச்சமும் பொதுவாகக் குறைவு. ட்ரே உங்களிடமே இருப்பதால், நிறம் மங்கும்போது ஜெல் மட்டும் வாங்கினால் போதும்.

கேள்வி: செய்துகொண்ட இரவு பல்லில் மின்னல் வெட்டுவதுபோல் வலித்தது. ஆபத்தா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஓரிரு நாளில் அடங்கும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசை உதவும். அடங்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் சிகரெட்டும் எட்டுக் காபியும் என் வழக்கம். இந்த ஆண்டில் மூன்றாவது முறை வெளுத்தேன். ஏன் நிலைப்பதில்லை? உத்தரவாதம் கேட்கலாமா?

பதில்: கேள்வியின் முதல் வாக்கியத்தில் பதில் இருக்கிறது. மூன்று முறை வெளுப்பதற்கு முன் ஒரு முறையாவது காறை எடுத்துப் பாலிஷ் செய்தார்களா? புகைக்கறை பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பில் படிவது. அது அதிலேயே போயிருக்கும், செலவும் குறைந்திருக்கும்.

கேள்வி: மேல்வரிசையில் ஒரே ஒரு பல் மட்டும் கருத்து வருகிறது. முழு வாய்க்கும் வெளுப்புச் செய்தால் அதுவும் சேர்ந்து வெளுத்துவிடும் என்கிறார்கள்.

பதில்: அங்கே பணம் கட்டாதீர்கள். ஒரு பல் மட்டும் தனியாகக் கருத்தால், எப்போதோ பட்ட அடியால் உள்ளிருக்கும் நரம்பு இறந்திருக்கக்கூடும். முதலில் வேண்டியது எக்ஸ்ரே. வேர் சிகிச்சை தேவைப்பட்டால் அதை முடித்து, பல்லின் பின்புறத் துளை வழியாக வெளுப்பு மருந்தை உள்ளே வைத்து மூடி, சில நாள்களுக்கு ஒரு முறை மாற்றிவருவார்கள். மருந்து வேருக்குக் கசிந்தால் வேர் கரையும் அபாயம் உண்டு. ஆகவே வேர் அடைப்பின் மேல் தடுப்புப் பூச்சு வைக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே எடுக்காமலேயே முழு வாய்க்கும் விலை சொன்னவரிடம் இதற்காகத் திரும்பிப் போக வேண்டாம்.