ஆறு வாரத்தில் ஊர் திரும்பலாமா என்று கேட்ட தம்பிக்கு

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எல்எல்எம் என்ற சட்ட மேற்படிப்புக்கு நியூயார்க் வந்து ஆறு வாரம் ஆகிறது, வகுப்பில் பேராசிரியர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, நிலத்து ஆதாரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியதை நினைத்தால் தூக்கம் வரவில்லை, இவ்வளவும் எதற்கு, திரும்பிவிடலாமா அக்கா என்று கேட்டிருக்கிறாய். பத்திரம் என்று எழுதாமல் ஆதாரம் என்று எழுதினாயே, அதிலேயே நம்ம ஊர்ப் பையன் என்று தெரிந்துவிட்டது. நான் வேலந்தாவளம் பக்கம். இங்கே வந்து பதினோரு வருடம்.

முதலில் அந்தக் கூப்பிடுகிற விஷயம். 1870-களில் ஹார்வர்டில் லாங்டெல் என்பவர் தொடங்கிவைத்த முறை அது. பாடம் நடத்த மாட்டார்கள். தீர்ப்பைப் படித்து வரச் சொல்லிக் கேள்வியாகவே கேட்பார்கள். ஊரில் சார் நோட்ஸ் சொல்ல, நாம் எழுதிப் பழகியவர்கள். என்னை முதல்முறை கூப்பிட்டபோது சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. "உட்கார்ந்தே சொல்லலாம்" என்றார் பேராசிரியர். அதற்கப்புறம் எனக்கு எதுவும் வரவில்லை.

வழக்கு என்னவோ ரொம்பச் சின்னது. ஹாட்லி எதிர் பாக்சன்டேல், 1854. இங்கிலாந்தில் க்ளாஸ்டர் என்ற ஊரில் ஒரு மாவு மில்லின் இயந்திரத் தண்டு உடைந்துபோகிறது. புதிதாகச் செய்ய மாதிரி வேண்டும் என்று உடைந்த தண்டை அனுப்புகிறார்கள். ஏற்றிப் போனவர்கள் தாமதமாக்கிவிட, மில் மூடிக் கிடக்கிறது. அத்தனை நாள் போன லாபத்தை அவர்கள் கொடுக்க வேண்டுமா? அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு அழுதுகொண்டே இந்தக் கதையைச் சொன்னேன். அம்மா எட்டாவது வரை படித்தவர். "மில்லு நின்னுகெடக்குதுன்னு வண்டிக்காரங்ககிட்டச் சொல்லிவிட்டாங்களா?" என்று கேட்டார். பேராசிரியர் என்னிடம் கேட்டதும் அதே கேள்விதான்! சொல்லியிருந்தால்தான் அந்த லாபத்தைக் கேட்க முடியும் என்பதே தீர்ப்பின் சாரம்.

அதைவிடக் கூத்து, இது நாம் மனப்பாடம் செய்த 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவுதான். அதற்கான உதாரணங்களில்கூட நின்றுபோன மில் ஒன்று வரும். பரீட்சைக்கு வரி தவறாமல் எழுதியிருக்கிறேன், ஆனால் எதிரில் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு வழக்கையும் முதலில் தமிழில் யாரிடமாவது கதையாகச் சொல்லிப் பார். கதை புரிந்தால் ஆங்கிலம் பின்னாலேயே வரும். வகுப்பில் திக்கினால் குடி முழுகாது. பெரும்பாலான பாடங்களில் கடைசிப் பரீட்சைதான் மதிப்பெண், அதிலும் பேப்பரில் உன் பெயர் இருக்காது, எண்தான்.

நவம்பரில் ஒரு நாள், வாக்குக் கொடுத்தபடி செய்யவே முடியாமல் போனால் ஒப்பந்தம் என்னாகும் என்று பேச்சு வந்தது. முதல்முறையாக நானே கை தூக்கினேன். தமிழ்நாடும் கேரளாவும் ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட 1970-இல் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம், மணக்கடவில் கேரளாவுக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி, மழை பொய்த்த வருடத்தில் சித்தூர் வயல்காரர்கள் மதகைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியர் அதை வைத்தே பத்து நிமிடம் வகுப்பை ஓட்டினார். நான் தடுமாறிய ஆங்கிலத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பணத்தைப் பற்றிப் பூசி மெழுக மாட்டேன். எல்எல்எம் ஒரே வருடம். முடித்தால் 12 மாதம் இங்கே வேலை பார்க்க ஓபிடி என்ற அனுமதி கிடைக்கும். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குக் கிடைக்கும் நீட்டிப்பு நமக்குக் கிடையாது. பெரிய ஃபர்ம்கள் இங்கத்து மூன்று வருடச் சட்டப் படிப்பான ஜேடி படித்தவர்களைத்தான் முதலில் பார்க்கும். பெரிய சம்பளத்தை நம்பி மட்டுமே வந்திருந்தால் உன் பயம் நியாயமானதுதான். இங்கே வக்கீலாவதற்கான நியூயார்க் பார் பரீட்சை எழுதுவதாக இருந்தால், எல்எல்எம்மை வைத்துத் தகுதி பெற 24 கிரெடிட் வேண்டும், அதிலும் சில பாடங்கள் கட்டாயம். அடுத்த செமஸ்டருக்குப் பாடம் எடுக்கும் முன்பே சரிபார்த்துக்கொள். 50 மணிநேர இலவசச் சட்டப்பணியும் உண்டு. பரீட்சை இரண்டு நாள், அதில் ஒரு நாள் முழுக்க 200 கொள்குறிக் கேள்விகள். அதை எழுதுகிற கோடையில் கல்யாணம் காட்சி எதற்கும் ஊருக்குப் போக நினைக்காதே.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டாய். மூணாறு எஸ்டேட் பக்கத்துத் தமிழர் ஒருவர் இங்கே ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்க்கிறார். மூன்று வருடம் முன்பு வீட்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் அட்வான்ஸைத் தராமல் இழுத்தடித்தார். 2019-இல் வந்த சட்டப்படி, காலி செய்த 14 நாளுக்குள் பிடித்தத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒரு டாலரும் பிடிக்க முடியாது. அதைச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் எழுதினேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் முழுப் பணமும் வந்தது. அவர் ஒரு டப்பா நிறைய மீன் குழம்போடு ஆபீசுக்கு வந்தார். லிஃப்ட் முழுக்க வாசனை.

டிசம்பர் பரீட்சை முடியும்வரை டிக்கெட் போடாதே. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய், அடுத்த வகுப்புக்கு என்ன வழக்கோ அதைத் தமிழில் சொல்லு. அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார், அவரும் கேட்பார். அப்புறம், கூப்பிட்டால் எழுந்து நிற்காதே.