கருக்கலைப்புக்கு முன் ஆலோசனை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கருக்கலைப்புக்கு முன்பான ஆலோசனையைப் பிரித்துத் தனி அமைப்புகளிடம் தர 2011இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர் நாடின் டோரிஸ் கொண்டுவந்த சட்டத் திருத்தம் தோற்றது நல்லதே என்று எழுதியிருந்தீர்கள். கருக்கலைப்பு செய்து பணம் பெறும் நிறுவனமே ஆலோசனையும் வழங்குவது, வீட்டுத் தரகரே வாங்குபவருக்கு யோசனை சொல்வதைப் போன்றதல்லவா? சம்பந்தமில்லாத ஒருவரிடம் பேசிவிட்டு முடிவெடுப்பதால் பெண்ணுக்கு என்ன இழப்பு?

வாசகர், லண்டன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்வி நியாயமானது. அந்தத் திருத்தம் ஆலோசனையைக் கட்டாயமாக்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விரும்பும் பெண்ணுக்கு, கருக்கலைப்பு செய்யாத ஓர் அமைப்பின் ஆலோசனை கிடைக்க வேண்டும் என்றுதான் அது கோரியது. ஆனால் தம் யோசனைகள் நடைமுறைக்கு வந்தால் ஆண்டுக்கு 60,000 கருக்கலைப்புகள் குறையும் என்று டோரிஸே கூறிவந்தார். அப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்கு நடந்தவை ஏறத்தாழ 1,90,000. இத்தனை பேர் மனம் மாறுவார்கள் என்ற கணக்கோடு தொடங்கும் ஆலோசனையை, ஒரு பெண் தன் மனத்தைத் தானே தெளிந்துகொள்வதற்கான உரையாடலாக என்னால் ஏற்க முடியவில்லை.

பணத்தைப் பற்றி. குறிவைக்கப்பட்ட கருக்கலைப்பு நிறுவனங்களான பிரிட்டிஷ் பிரெக்னன்சி அட்வைசரி சர்வீஸ், மேரி ஸ்டோப்ஸ் ஆகிய இரண்டும் அறக்கட்டளைகள். 2011இல் நடந்த கருக்கலைப்புகளில் 96 சதவீதத்துக்கு அரசின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். பணம் செலுத்தியது. அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவரும் அதற்காகப் பணம் பெறுகிறார். அதன் நன்மை தீமைகளை நோயாளிக்கு விளக்கி ஒப்புதல் பெறுபவரும் அவரே, அதை நாம் தரகு வேலை என்று சொல்வதில்லை. மேலும், அந்தத் திருத்தம் கருக்கலைப்பு செய்யும் அமைப்புகளைத்தான் விலக்கியது. கருக்கலைப்பே கூடாது என்று முன்பே முடிவு செய்துவிட்ட அமைப்புகள் ஆலோசகர் நாற்காலியில் அமர்வதைத் தடுக்க அதில் எதுவும் இல்லை. பண ஆதாயத்துக்கு அஞ்சும் நீங்கள் இதற்கும் அஞ்ச வேண்டும் அல்லவா?

என்ன இழப்பு என்று கேட்டீர்கள். நாட்கள்தான் இழப்பு. கருவுற்றிருப்பதை ஏழாவது வாரத்தில் அறியும் பெண், மருத்துவரைப் பார்த்து, 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு மருத்துவர்களின் கையொப்பம் பெற்று, சிகிச்சைக்கு நாள் வாங்க வேண்டும். நடுவே இன்னோர் அமைப்பு, இன்னொரு சந்திப்பு, வேலையிடத்தில் காரணம் சொல்லி எடுக்க வேண்டிய இன்னொரு விடுப்பு என்று சேர்ந்தால், மாத்திரையால் முடிந்திருக்கக்கூடியது அறுவை சிகிச்சையாக மாறும் கட்டத்துக்கு அவள் எளிதில் தள்ளப்பட்டுவிடுவாள். வசதியும் துணையும் உள்ளவர்கள் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். இரவுப் பணிக்குச் செல்பவளும், வீட்டுக்குத் தெரியாமல் வருபவளும்தான் சிக்கிக்கொள்வார்கள்.

கருக்கலைப்பு பெண்ணின் மனநலத்தைக் குலைக்கும் என்ற வாதமும் அன்று பலமாக எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில், மருத்துவர்களின் தொழில்முறை அமைப்புகளான மருத்துவ ராயல் கல்லூரிகளின் கூட்டமைப்புக்காகச் செய்யப்பட்ட விரிவான ஆய்வுத் தொகுப்பு வெளிவந்தது. விரும்பாத கர்ப்பத்தைப் பொறுத்தவரை, கலைத்தாலும் பெற்றெடுத்தாலும் மனநலச் சிக்கல்களின் விகிதம் ஒன்றாகவே இருக்கிறது என்றும், முன்பே அத்தகைய சிக்கல் இருந்ததா என்பதே பின்னர் அது வருமா என்பதை முன்கூட்டிக் காட்டும் முக்கியமான அடையாளம் என்றும் அது கூறியது.

இதனால் ஆலோசனையே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். ஆங்கிலம் சரளமாக வராத ஒரு பெண் கணவருடன் வருகிறாள். அவள் வாய் திறக்குமுன் அவரே பதில் சொல்கிறார். அங்கே, அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, உறவினரல்லாத ஒரு மொழிபெயர்ப்பாளரின் துணையோடு, "இது உங்கள் முடிவுதானா?" என்று கேட்கும் பத்து நிமிடங்கள் எல்லாவற்றையும்விட முக்கியமானவை. கலைக்கச் சொல்லி வற்புறுத்தப்படுகிறவளுக்கும், பெற்றுக்கொள்ளச் சொல்லி மிரட்டப்படுகிறவளுக்கும் அந்தக் கேள்வி ஒரே அளவுக்குத் தேவை. அதைக் கேட்கப் பயிற்சி பெற்ற செவிலியர் அந்த அறையிலேயே, அந்த நாளிலேயே இருக்க வேண்டும். வேறொரு கட்டடத்தில் அடுத்த வாரம் அல்ல.

திருத்தம் செப்டம்பர் 7 அன்று 118க்கு எதிராக 368 வாக்குகளில் தோற்றது. அதை டோரிஸுடன் சேர்ந்து முன்வைத்த தொழிற்கட்சி உறுப்பினர் ஃபிராங்க் ஃபீல்டே விவாதத்தின்போது ஆதரவை விலக்கிக்கொண்டார். அரசு பிறகு நடத்துவதாகச் சொன்ன கலந்தாய்வும் 2012இல் கைவிடப்பட்டது.

உங்கள் கவலைக்கு இன்றைக்கு உரிய இடம் வேறு என்று நினைக்கிறேன். 10 வாரத்துக்கு உட்பட்ட கர்ப்பத்துக்குத் தொலைபேசியில் பேசி, மாத்திரைகளை வீட்டிலேயே எடுத்துக்கொள்ளும் முறை 2020இல் வந்தது. 2022இல் நாடாளுமன்றம் அதை நிரந்தரமாக்க வாக்களித்தது. அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் தொலைபேசியில் பேசும் பெண்ணின் அருகில் யார் நிற்கிறார்கள் என்பதைச் செவிலியரால் பார்க்க முடியாது. அந்த அழைப்பில் ஐயம் எழுந்தால் அன்றே அவளை நேரில் வரச்சொல்லித் தனியே பேச ஆளும் நேரமும் மொழிபெயர்ப்பாளரும் இருக்கிறார்களா என்று உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள்; நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

அன்புடன்