பேரனின் கேள்வியும் செமாக்காவ் சாம்பலும்

கேள்வி: ஜூன் விடுமுறையில் பேரப்பிள்ளைகளுடன் ‘வால்-ஈ’ என்னும் அனிமேஷன் படத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து ஏழு வயதுப் பேரன், “பாட்டி, நம் வீட்டுக் குப்பை எங்கே போகிறது?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். குப்பையே கண்ணில் படாத சிங்கப்பூரில் வளரும் பிள்ளைகளின் மனத்தில் இப்படிக் குற்றவுணர்வை ஏற்றத்தான் வேண்டுமா? சிறுவர் படம் சிரிக்க வைத்தால் போதாதா?
– ஈசூன் வாசகி ஒருவர்

பதில்: உங்கள் பேரன் கலங்கினான் என்று நீங்கள் எழுதவில்லை; கேட்டான் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். குற்றவுணர்வு எழுந்தது கேட்ட பிள்ளையின் மனத்திலா, விடை சொல்லத் தடுமாறிய நம் மனத்திலா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2008இல் வெளிவந்த அந்தப் படம் எந்தப் பிள்ளையையும் குற்றம் சாட்டவில்லை. மனிதர்கள் பூமியில் விட்டுச்சென்ற குப்பையை ஓர் இயந்திரம் தன்னந்தனியாக அமுக்கிக் கட்டிகளாக்கிக் கோபுரம் கோபுரமாக அடுக்குகிறது. அந்த மனிதர்களின் சந்ததியோ 700 ஆண்டுகள் கழிந்தும் விண்கலத்தில் நாற்காலியைவிட்டு எழாமல் வாழ்கிறது. அந்தக் கலத்தில் மழலையர்க்கு எழுத்துக் கற்பிக்கும் காட்சி ஒன்று உண்டு. எல்லாவற்றையும் விற்கும் ஒரு பெருநிறுவனத்தின் பெயரைச் சொல்லி, அதுவே உங்கள் உற்ற நண்பன் என்று பாடம் நடக்கிறது. சில நொடிகளே வந்து மறையும் அந்தக் காட்சிதான் என் பார்வையில் படத்தின் உயிர். வாங்கிக் குவிக்கும் பழக்கத்தை யார் யாருக்கு ஊட்டுகிறார்கள் என்பதை அது ஒளிக்காமல் சொல்கிறது. (2023 ஜூலையில் பெரிய பேரங்காடிகளில் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு என்று ஆனபோது முணுமுணுத்தவர்களும் பெரியவர்கள்தாம்.)

குப்பை கண்ணில் படவில்லை என்பது உண்மை; குப்பை இல்லை என்பது உண்மையன்று. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் நாம் குப்பைக் குழாயில் போடும் பை, லாரியேறிக் குப்பையை எரிக்கும் எரியாலைக்குச் செல்கிறது. அங்கே கன அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, சாம்பலாகி, துவாஸிலிருந்து கடல்வழியே செமாக்காவ் தீவைச் சேர்கிறது. 1999இல் செயல்படத் தொடங்கிய அந்த நிரப்புநிலத்தை, அதாவது கழிவைக் கொட்டி நிரப்பும் இடத்தை, விட்டால் நமக்கு வேறு நிரப்புநிலம் இல்லை; அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. இதை உங்கள் பேரனிடம் அப்படியே சொல்லுங்கள். ஏழு வயதுக்குப் புரியாதது இதில் ஒன்றுமில்லை.

படத்தில் எனக்கும் ஒரு குறை உண்டு. பழைய காலணிக்குள் துளிர்த்த ஒரே ஒரு செடியை நம்பிக் கலம் பூமிக்குத் திரும்புவதோடு கதை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதன்பின் அவர்கள் பட்டிருக்க வேண்டிய பாட்டைக் கதை சொல்லவில்லை. ஆனால், நிலத்தைத் திருத்தவும் கிணறு வெட்டவும் மீன் பிடிக்கவும் மனிதர்கள் மறுபடி கற்றுக்கொள்வதை, குகை ஓவியத்தில் தொடங்கி வளரும் சித்திரங்களாக, இறுதியில் பெயர்கள் ஓடும்போது வரைந்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அதற்குள் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறோம். அடுத்த முறை அந்தப் பகுதியையும் பேரனோடு அமர்ந்து பாருங்கள்.