முன் சக்கரத்தில் இரைச்சல்: பேரிங்கா, டயரா?

பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் லைனில் வண்டி ஓட்டுபவர்கள் கேட்ட கேள்விகள் இவை. குமுளி பக்கத்திலிருந்து ஒன்றும் வந்திருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை, ஆறு சக்கர லாரி: அண்ணா, 40-ஐத் தாண்டினால் முன்பக்கம் ஊம்மென்று இரைகிறது. வேகம் ஏற ஏற சத்தமும் ஏறுகிறது. இரண்டு பக்கமும் பேரிங்கை மாற்றிவிடச் சொல்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?

பொறுங்கள் தம்பி. எந்தச் சக்கரம் என்று தெரியாமல், பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைக் கழற்ற வேண்டாம். சமதளத்தில், ரோடு காலியாக இருக்கும்போது, கிளட்ச்சை மிதித்து ஆக்சிலேட்டரை விடுங்கள். இன்ஜின் இறங்கியும் இரைச்சல் அப்படியே இருந்தால், அது சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. புதுத் தாரிலும் சொரசொர ரோட்டிலும் சத்தம் மாறினால் டயரைச் சந்தேகப்படுங்கள். பேரிங் சத்தம் ரோட்டைப் பார்த்து அவ்வளவாக மாறாது.

அப்புறம் வளைவு. இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்தில் இறங்கும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். வலது திருப்பத்தில் கூடினால் இடது. திருச்சூர் போகிற வண்டிதானே, குதிரான் சுரங்கத்தில் இடது ஓரமாகப் போகும்போது கிளீனர் பக்கக் கண்ணாடியை இறக்கிக் கேட்கச் சொல்லுங்கள். சுவரில் பட்டுத் திரும்புவதால், வெளியில் காற்றோடு போய்விடும் சத்தம்கூட அங்கே நன்றாகக் காதில் விழும்.

கஞ்சிக்கோடு: ஜாக்கி போட்டு எப்படிப் பார்ப்பது?

பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சக்கரத்தை ஒரு கையால் சுற்றிவிட்டு, இன்னொரு கையை சுற்றாத பாகமான பிரேக் பிளேட்டில் வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரலுக்கு வந்துவிடும். அடுத்த சக்கரத்தையும் சுற்றி ஒப்பிடுங்கள்.

பிறகு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங் லூஸ், நிற்காவிட்டால் முன் சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சான கிங் பின். இதைப் பார்க்காமல் பேரிங்கை மாற்றிவிட்டு, ஆட்டம் போகவில்லை என்று திரும்பி வருபவர்கள் நிறையப் பேர்.

வேலந்தாவளம், காய்கறி வண்டி: அலைன்மென்ட் பார்த்தே ரொம்ப நாளாயிற்று. இப்போது இரைகிறது.

டயரின் பட்டன்மேல், அதாவது ரோட்டில் படும் முகத்தில், உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறு பக்கம் ரம்பப் பல் போலக் கையில் பிடித்தால் டயர்தான் இரைகிறது. ஒரே சைஸாக இருந்தால் முன் டயரைப் பின்னால் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தமும் பின்னால் போனால் சந்தேகமே வேண்டாம். அலைன்மென்ட் செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படித்தான் தேயும்.

குமுளி: லோயர் கேம்ப் இறங்கி வந்து பார்த்தால் ஹப் கொதிக்கிறது ஐயா.

மலை இறங்கினால் பிரேக் சூட்டில் இரண்டு ஹப்பும் சுடும். ஒன்று மட்டும் அதிகமாகச் சுடுகிறதா என்பதைப் பாருங்கள். தொடாதீர்கள், புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பிரேக் லைனர் பிடிக்கிறது அல்லது பேரிங் இறுக்கமாக இருக்கிறது. கிரீஸ் கருகிய வாடையும் சேர்ந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள். கருகிய பேரிங் சிக்கிக்கொண்டால் சக்கரமே கழன்று ஓடும். எதிரில் வருபவர் பைக்கில் பிள்ளையை வைத்துக்கொண்டு வருவார்.

மீனாட்சிபுரம்: மழைக்குப் பிறகு கழற்றினால் கிரீஸ் வெளுத்திருக்கிறது. மேலே புது கிரீஸ் வைத்தால் போதுமா?

போதாது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, ஆயில் சீலை மாற்றுங்கள். பழைய கிரீஸை முழுக்கக் கழுவி, காயவைத்து, ரோலர்களைப் பாருங்கள். குழியோ நீலம் பாய்ந்த நிறமோ இருந்தால் பேரிங்கின் வெளி வளையமான கப், உள் வளையமான கோன் இரண்டையும் செட்டாக மாற்றுங்கள். ரோலர்களுக்குள் கிரீஸை அழுத்தி ஏற்றுங்கள், ஹப்பை அடைத்து நிரப்பினால் சூடுதான் ஏறும். வேறு வேறு ரக கிரீஸைக் கலக்காதீர்கள். நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, கம்பெனி சொன்ன அளவுக்குத் தளர்த்தி, நட்டு கழலாமல் பிடிக்கிற ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை, பிக்கப்: என் வண்டியில் ஹப் யூனிட் சீல் செய்து வருகிறது. அதற்கும் கிரீஸ் வைக்கலாமா?

வைக்க முடியாது. இரைந்தால் யூனிட்டையே மாற்ற வேண்டும்.