ராத்திரி முழுக்க விழிப்பு, பகலெல்லாம் தூக்கம்: பச்சிளங்குழந்தைகளின் உறக்கம் பற்றி வாசகிகள் கேள்விகள்

என் மகளுக்கு 3 வாரம். பகல் முழுக்கத் தூங்குகிறாள். ராத்திரி 11 மணிக்கு மேல் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். பகலில் தூங்கவிடாமல் வைத்திருந்தால் சரியாகுமா?
– வாசகி, திண்டுக்கல்

வேண்டாம். பகல் தூக்கத்தைக் குறைத்தால் ராத்திரித் தூக்கம் அதிகமாகாது. அசந்துபோய் அழுகைதான் கூடும். இந்த வயதில் ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்குவார்கள். ஆனால் ஒரே மூச்சில் அல்ல. 2, 3 மணி நேரத் துண்டுகளாக. வயிற்றில் இருந்தவரை இரவு வந்ததைச் சொல்லும் மெலடோனின் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே கிடைத்துக்கொண்டிருந்தது. குழந்தைக்கென்று சொந்தமாக அந்தச் சுரப்பு ஒழுங்குபட 2 முதல் 3 மாதம் ஆகும்.

அதுவரை வெளிச்சம்தான் உதவி. தாயையும் பிள்ளையையும் பகலிலும் ஜன்னல் சாத்திய இருட்டறையிலேயே வைத்திருக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. குழந்தைக்கு இரவு பகல் பிடிபடத் தாமதமாவதற்கு அதுவும் ஒரு காரணம். காலையில் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திரையை விலக்குங்கள். மிக்ஸி ஓடட்டும், வீட்டில் பேச்சு நடக்கட்டும். இரவில் மங்கலான விளக்கு போதும். பால் கொடுக்கும்போது கொஞ்சவோ விளையாட்டுக் காட்டவோ வேண்டாம். மலம் கழித்திருந்தாலோ, நன்றாக நனைந்திருந்தாலோ மட்டும் துணி மாற்றுங்கள். இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கிறது. அதனால் பால் பீய்ச்சி வைப்பவர்கள் பாத்திரத்தில் நேரத்தைக் குறித்து, இரவுப் பாலை இரவிலேயே கொடுப்பது நல்லது.

பிறந்த எடையைக் குழந்தை மீண்டும் எட்டும்வரை (பெரும்பாலும் 10 முதல் 14 நாள்) 3 மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். எழுப்பியும் சப்பாமல் துவண்டு கிடந்தால், அது நல்ல தூக்கம் இல்லை. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்றரை மாதக் குழந்தை தூக்கத்தில் சிரிக்கிறான், முனகுகிறான், உடம்பை முறுக்குகிறான். மாமியார் "நரி விரட்டுது" என்கிறார். தூக்கினால் விழித்து அழுகிறான். ஏன்?
– வாசகி, தஞ்சாவூர்

அவன் விழிக்கவே இல்லை. நீங்கள் தூக்கியதால்தான் விழித்தான். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறத்தாழப் பாதி, அசைவுள்ள தூக்கம். மூடிய இமைக்குள் கண் உருளும், உதடு கோணும், கைகால் வெட்டும், மூச்சு வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி வரும். (1953இல் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கி இந்தக் கண்ணசைவுத் தூக்கத்தைக் கண்டறிய வழி திறந்ததே, தூங்கும் குழந்தைகளின் இமைகளை அவர் கவனித்ததுதான்.) அடுத்து வருவது அமைதியான தூக்கம். இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. 50, 60 நிமிடத்தில் முடிந்துவிடும்.

முனகல் கேட்டதும் கை நீட்டாமல் ஓரிரு நிமிடம் பாருங்கள். கண் திறந்து அழுதால் எடுங்கள். இல்லையென்றால் தானாகவே அடங்கிவிடுவான். மடியில் தூங்கியவனைக் கீழே கிடத்தியதும் எழுந்துவிடுவதற்கும் இதுதான் காரணம். இந்த வயதில் தூக்கம் அசைவுள்ள கட்டத்தில்தான் தொடங்கும். சுமார் 20 நிமிடம் கழித்துக் கையைத் தூக்கிப் பாருங்கள். அது தொய்ந்து விழுந்தால் கிடத்தலாம்.

மூச்சு 5, 10 வினாடி நின்று தொடர்வது இந்த வயதில் இயல்பு. 20 வினாடிக்கு நின்றாலோ, உதடு நீலமானாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

2 மாத மகன் தூளியில் மட்டுமே தூங்குகிறான். கட்டிலில் குப்புறப் போட்டாலும் நன்றாகத் தூங்குகிறான். எது நல்லது?
– வாசகி, விருதுநகர்

இரவு முழுக்க என்றால் இரண்டும் வேண்டாம்.

தூளியின் ஆட்டம் குழந்தையை அமைதிப்படுத்துவது உண்மைதான். சிக்கல் அதன் வளைவில் இருக்கிறது. சேலை தொய்ந்து உடம்பு வளையும்போது தலை முன்னால் மடிந்து, தாடை நெஞ்சில் படுகிறது. இந்த வயதில் மூச்சுக்குழாய் மிகவும் மென்மையானது. சிறிய மடிப்பே அதை அடைத்துவிடும். அப்போது குழந்தை அழாது, சத்தமும் வராது. அதனால் ஆட்டித் தூங்கவைக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும். துணி முகத்தை மூடாதபடி இரு ஓரங்களுக்கும் நடுவே கட்டை கொடுங்கள். தூங்கியதும் எடுத்துச் சமமான இடத்தில் கிடத்துங்கள். புரளத் தொடங்கிவிட்டால் தூளியை அவிழ்த்துவிடுங்கள்.

குப்புறப் படுத்த குழந்தை ஆழ்ந்து தூங்கும், எளிதில் விழிக்காது. ஆபத்தே அதுதான். மூச்சுக்குக் காற்று குறையும்போது விழித்துத் தலையைத் திருப்ப வேண்டிய உடம்பு விழிக்காமல் போகிறது. காரணம் தெரியாத திடீர்க் குழந்தை மரணங்கள் 2 முதல் 4 மாத வயதில்தான் அதிகம். அமெரிக்காவில் 1994இல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கும் பிரசாரம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் இந்த மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

தரையில் விரித்த கோரைப்பாய், அதன்மேல் இழுத்துச் செருகிய மெல்லிய பருத்தித் துணி: இதைவிடப் பொருத்தமான படுக்கை தேவையில்லை. தலையணை, பஞ்சுமெத்தை, பொம்மை எதுவும் வேண்டாம். நம் ஊர் வெயிலில் வீட்டுக்குள் குல்லாவும் காலுறையும் எதற்கு? பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். அதே அறையில், உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில், தனிப் படுக்கையில் தூங்கட்டும். குப்புறப் படுப்பதைப் பகலில் விழித்திருக்கும்போது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, சில நிமிடங்கள் பழக்குங்கள். கழுத்து வலுப்படும்.

தொடர்ந்து 5 மணி நேரம் தூங்கிய மகள், நாலரை மாதத்தில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுகிறாள். ராகிக்கூழ் கொடுத்தால் தூங்குவாள் என்கிறார்கள்.
– வாசகி, திருப்பூர்

கூழ் இப்போது வேண்டாம். 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் போதும். நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் கழித்து எடையும் ஏறினால், பசி இதற்குக் காரணமில்லை. மாறியிருப்பது தூக்கத்தின் அமைப்பு. 3, 4 மாதத்துக்குப் பிறகு பெரியவர்களைப் போல அமைதியான தூக்கத்தில் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் லேசாக விழிக்கிறார்கள். மார்பில் தூங்கியவள் பாயில் விழித்தால், இடம் மாறியதற்காக அழுவாள். நாளுக்கு ஒரு முறையாவது, கண் சொக்கும்போதே, முழுதாகத் தூங்குவதற்கு முன் கிடத்திப் பழக்குங்கள். முதல் தூக்கத்தில் முயன்றால் எளிது.

சளி மருந்தைத் தூக்கத்துக்காகக் கொடுக்கவே கூடாது. வசம்பும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். கனடாவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 6 மாதக் குழந்தைகளில் 38 சதவீதத்தினர் தொடர்ந்து 6 மணி நேரம் தூங்கவில்லை. அவர்கள் எல்லோரும் இயல்பாக வளர்ந்த குழந்தைகள்தான்.

என் மகன் 8 வாரம் முன்னதாகப் பிறந்தான். இப்போது 4 மாதம். இன்னும் இரவு பகல் பிடிபடவில்லை.
– வாசகி, நாகர்கோவில்

தூக்கத்தைப் பொறுத்தவரை அவன் 2 மாதக் குழந்தை. மருத்துவர் குறித்துக்கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள்.